மேல் கடைவாய்ப்பல்லுக்கு இம்பிளாண்ட் வைக்கும் முன் சைனஸ் லிஃப்ட்: நோயாளிகள் கேட்கும் கேள்விகள்

மேல்தாடையின் பின்பக்கத்தில் பல் போனவர்கள் இம்பிளாண்ட், அதாவது எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர், கேட்டு வருவார்கள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "எலும்பு போதவில்லை, சைனஸ் லிஃப்ட் செய்ய வேண்டியிருக்கும்" என்று சொன்னதும் முகம் மாறிவிடும். பல்லுக்கு வந்தோம், இவர் ஏன் மூக்குக்குப் போகிறார் என்ற சந்தேகம். சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்தபடியும், வீட்டுக்குப் போய் யோசித்து அப்புறம் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் வாயைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரின் பேச்சே உங்களுக்கு முதன்மை.

பல்லுக்கும் சைனஸுக்கும் என்ன சம்பந்தம்?

கன்னத்து எலும்புக்குள், மூக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு காற்றறை இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் சுமார் 12 முதல் 15 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் பிடிக்கும். மேல் கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள் இந்த அறையின் தரைக்குச் சற்றுக் கீழேதான் முடிகின்றன. சிலருக்கு இடையில் காகிதக் கனத்துக்குத்தான் எலும்பு இருக்கும். கடுமையாகச் சளி பிடித்தால் மேல் கடைவாய்ப்பற்கள் மொத்தமாகக் கூசுவது அதனால்தான்.

இந்த அறையை 1651இல் விரிவாக எழுதி வைத்தவர் நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு பெண்ணுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் துளை விழுந்து சைனஸோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வெள்ளி ஊசியை உள்ளே விட்டுப் பார்த்தார், முழுவதும் போயிற்று. அப்புறம் ஒரு இறகை விட்டார், அதுவும் போய்க்கொண்டே இருந்தது. மூளைக்கே போய்விட்டது என்று பயந்து ஹைமோரிடம் ஓடினார். இறகு காலி அறைக்குள் சுருண்டுகொண்டிருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் சைனஸ் லிஃப்ட் என்றதும் பலர் மூளைப் பக்கம் கை காட்டிக் கேட்பதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருவார். மூளை அங்கே இல்லை. சைனஸுக்கு மேலே இருப்பது கண்குழி.

எனக்கு உடம்பில் எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே மட்டும் ஏன் இல்லை?

அந்த இடத்தில் எலும்பு இருந்ததே பல்லைப் பிடித்துக்கொள்வதற்குத்தான். பல் போனதும் அதற்கு வேலை இல்லை. கீழிருந்து ஈறுக்குள் இருக்கும் எலும்பு மேடு கரைகிறது. மேலிருந்து சைனஸ் அறை தன் தரையைத் தாழ்த்திக்கொண்டு இறங்குகிறது. காலி மனை கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் தேய்ந்து, நடுவில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தட்டையான எலும்பு மட்டும் மிஞ்சுகிறது. நாள்பட்ட ஈறு நோய் இருந்து பல் ஆடி விழுந்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் பல் இருக்கும்போதே பாதி எலும்பு போயிருக்கும்.

இன்னொரு சங்கடம், மேல்தாடையின் பின்பக்க எலும்பு இயல்பிலேயே மென்மையானது. கீழ்த்தாடை முன்பக்க எலும்பைத் துளைத்தால் தேக்குக் கட்டை மாதிரி இருக்கும். இது தெர்மோகோல் மாதிரி இருக்கும். உயரமும் குறைவு, உறுதியும் குறைவு. வழக்கமான 8 முதல் 10 மில்லிமீட்டர் நீள இம்பிளாண்டை அதில் அப்படியே திருகினால் நுனி சைனஸுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் இம்பிளாண்டே உள்ளே நழுவி விழும். விழுந்ததை எடுப்பது தனி அறுவை சிகிச்சை.

சைனஸ் லிஃப்ட் என்றால் சரியாக என்ன செய்கிறீர்கள்?

சைனஸ் அறையின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது. ஆரோக்கியமாக இருந்தால் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. அந்தச் சவ்வைத் தரை எலும்பிலிருந்து உரித்து, கிழியாமல் மேலே தூக்கி, கீழே உண்டான இடைவெளியில் எலும்புத் தூளை நிரப்புகிறோம். சில மாதங்களில் அந்தத் தூளுக்கு ஊடே உங்கள் சொந்த எலும்பு வளர்கிறது.

கடினமே அந்த "கிழியாமல்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. பச்சை முட்டையின் ஓட்டைக் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளைத் தோல் ஒன்று இருக்குமே, கிட்டத்தட்ட அதுதான். பயிற்சியிலும் நாங்கள் முட்டையைத்தான் வைத்துக்கொள்வோம். ஓட்டில் ஒரு சதுரம் சுரண்டி எடுக்க வேண்டும், தோல் கிழியக் கூடாது. நான் முதல் நாள் ஒரு டஜன் முட்டையை வீணாக்கினேன். வீணாக்கினேன் என்று சொல்லக் கூடாது, அன்று ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் முட்டைப் பொரியல்.

செய்வதில் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று பக்கவாட்டு ஜன்னல் முறை. ஈறைத் திறந்து, கன்னத்துப் பக்க எலும்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுவோம். வெண்மையான எலும்பு மெலிய மெலிய, அடியில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிழல் தெரியும். சவ்வு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நோயாளி மூச்சு விடும்போது சவ்வு லேசாக ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இப்போது பலரும் பீசோ என்னும் அதிர்வுக் கருவியால் வெட்டுகிறார்கள். அது கடினமான எலும்பைத்தான் வெட்டும், மென்திசுவில் பட்டால் அவ்வளவு எளிதில் கிழிக்காது. ஜன்னல் வழியாக வளைந்த சிறு கரண்டிகளை விட்டு, எலும்பை விட்டு விலகாமல் சவ்வை உரித்து மேலே தள்ள வேண்டும்.

இரண்டாவது, இம்பிளாண்ட் போகும் துளை வழியாகவே தூக்குவது. தரை எலும்பு முடிய ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது துளைப்பதை நிறுத்தி, ஆஸ்டியோடோம் என்ற கம்பியை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித் தரையைச் சவ்வோடு சேர்த்து மேலே நகர்த்துவோம். காயம் சின்னது, வீக்கம் குறைவு. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கை உணர்வில் செய்வது இது. பொதுவாக 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் தூக்க இதை நம்ப முடியாது.

முதல் வழியைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவின் ஹில்ட் டேட்டம், 1970களின் நடுவில். ஃபிலிப் பாய்ன், ராபர்ட் ஜேம்ஸ் இருவரும் 1980இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். சுத்தியல் முறையை 1994இல் எழுதியவர் ராபர்ட் சம்மர்ஸ். ஆக, இது நேற்று வந்த சோதனை முயற்சி அல்ல.

எனக்குத் தேவையா இல்லையா என்று எப்படித் தெரியும்?

ஒரே ஒரு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: அந்த இடத்தில் மிச்சமிருக்கும் எலும்பின் உயரம் எத்தனை மில்லிமீட்டர்?

8 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் லிஃப்ட் பேச்சே வேண்டாம். 5 முதல் 8 வரை என்றால் துளை வழியாகத் தூக்கலாம், அல்லது குட்டை இம்பிளாண்ட் வைத்து லிஃப்டையே தவிர்க்கலாம். 4க்குக் கீழே போனால் ஜன்னல் முறைதான் வழக்கம். இந்த எல்லைகள் கல்லில் செதுக்கியவை அல்ல. எலும்பின் அகலம், உறுதி, எந்தப் பல், இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவரா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. ஆனால் எண்ணைச் சொல்லாமல் "எலும்பு கம்மி" என்று மட்டும் சொன்னால் அது போதாது. பழக்கடையில் எடை போடாமல் விலை சொல்வது மாதிரி அது.

எண் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். வாய் முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் உருவம் பெரிதாகத் தெரியும், எல்லா இடத்திலும் ஒரே விகிதத்திலும் இருக்காது. தெரிந்துகொள்ள அது போதும், அளக்கப் போதாது. அளக்க சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். அதில்தான் சவ்வு தடித்திருக்கிறதா, எலும்புச் சுவருக்குள் ரத்தக் குழாய் எந்த உயரத்தில் ஓடுகிறது, அறைக்குள் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இந்தத் தடுப்புச் சுவர் மூன்று நான்கு பேரில் ஒருவருக்காவது இருக்கும். சவ்வை உரிக்கும்போது கரண்டி அதில் இடித்தால் கிழிந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் ஜன்னலை அதற்கு ஏற்ப வெட்டலாம்.

ஸ்கேன் எடுக்காமல் ஜன்னல் முறைக்கு நாள் குறித்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

கீழ்ப் பல்லுக்கும் இது வருமா?

வராது. கீழ்த்தாடையில் சைனஸ் கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது எலும்புக்குள் ஓடும் நரம்பு. அது வேறு கதை.

வலிக்குமா? மயக்க மருந்து கொடுப்பீர்களா?

பல் பிடுங்கும்போது போடும் அதே மரப்பு ஊசிதான். பெரும்பாலானவர்களுக்கு முழு மயக்கம் தேவையில்லை. இரு பக்கமும் ஒரே நாளில் செய்வதானாலோ, ரொம்பப் பயப்படுபவராக இருந்தாலோ தூக்க மருந்தோடு செய்வது உண்டு.

வலியை விடச் சத்தம்தான் பலருக்குப் பிடிப்பதில்லை. சுத்தியலால் தட்டும்போது மண்டை முழுக்க எதிரொலிக்கும். இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அப்படித் தட்டியதில் காதின் உட்பகுதியிலுள்ள நுண்கற்கள் இடம்பெயர்ந்து, மறுநாள் படுக்கையில் புரளும்போது அறையே சுற்றுவது போன்ற தலைசுற்றல் சிலருக்கு வரும். அபூர்வம்தான். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி வைத்து அதைச் சரிசெய்துவிடுவார். தெரியாதவர்கள் ரத்த அழுத்தம், பித்தம் என்று நாலு இடம் அலைவார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

மரப்பு தெளிந்த பிறகு இரண்டு மூன்று நாள் வலி, கன்னத்தில் வீக்கம், சிலருக்குக் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்தல் இருக்கும். கல்யாணம், கிரகப்பிரவேசம் எதையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி வாங்காதீர்கள். போட்டோவில் ஒரு கன்னம் மட்டும் தனியாகத் தெரியும்.

சவ்வு கிழிந்துவிட்டால் என்ன ஆகும்?

ஜன்னல் முறையில் அதிகம் நடக்கும் சிக்கல் இதுதான். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்குச் சராசரியாக நடக்கிறது. கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கும். சிறிய கிழிசல் என்றால் சவ்வைச் சுற்றிலும் இன்னும் கொஞ்சம் உரித்தாலே மடிந்து மூடிக்கொள்ளும், அல்லது கொலாஜன் என்னும் புரதத்தாலான மெல்லிய தகடு ஒன்றை ஒட்டுப் போட்டு வேலையைத் தொடரலாம். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய பெரிய கிழிசல் என்றால் மூடித் தையல் போட்டுவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி திறப்பதே புத்திசாலித்தனம்.

"டாக்டர், உங்களுக்குக் கிழிந்தது உண்டா?" என்று கேட்டார் ஒரு வங்கி மேலாளர். உண்டு. ஒரு தடவை மூடிவிட்டு வெளியே வந்து, "இன்றைக்கு முடியவில்லை, நாலு மாதம் கழித்து வாருங்கள்" என்று நோயாளியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கிழிந்த சவ்வுக்கு அடியில் தூளைக் கொட்டி மூடினால் தூள் சைனஸுக்குள் சிதறி, சீழ் பிடித்து, எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டியதாகிவிடும். எனக்குக் கிழிந்ததே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் நிறையச் செய்ததில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த எலும்புத் தூள் எதிலிருந்து வருகிறது? நாங்கள் சைவம்.

கேட்டது நல்லது. பலருக்குக் கேட்கத் தோன்றுவதில்லை, சில இடங்களில் சொல்வதும் இல்லை.

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது மாட்டு எலும்பிலிருந்து செய்தது. அதிலுள்ள கரிமப் பொருள்களை எல்லாம் நீக்கி, தாதுச் சட்டத்தை மட்டும் எடுத்துக் குருணையாக்குகிறார்கள். பார்க்க ரவை மாதிரி இருக்கும். சீக்கிரம் கரையாது, உயரத்தைத் தாங்கிப் பிடிக்கும். அதனால்தான் மருத்துவர்களுக்கு அதன்மேல் பிரியம். மேலே மூடும் கொலாஜன் தகடு பல நிறுவனங்களில் பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது, சிலவற்றில் மாட்டிலிருந்து. ஆகவே மாடு ஆகாதவர்களும் பன்றி ஆகாதவர்களும் இரண்டையும் கேட்க வேண்டும்.

வேண்டாம் என்றால் மாற்று இருக்கிறது. ஹைட்ராக்சிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைத் தூள்கள் உண்டு. மனித தானத்திலிருந்து பதப்படுத்தியதும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி அப்படித் தயாரிக்கிறது. உங்கள் தாடையின் பின்பக்கத்திலோ முகவாயிலோ இருந்து சொந்த எலும்பையே சுரண்டி எடுக்கலாம், அதற்கு இன்னொரு காயம் படும். உங்கள் ரத்தத்தை எடுத்துச் சுழற்றி வரும் பி.ஆர்.எஃப். என்ற ஜெல்லையும் கலப்பார்கள். அது காயம் ஆறுவதற்கு உதவலாம், ஆனால் எலும்புக்கு ஈடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தூளே போடாமல், சவ்வைத் தூக்கி இம்பிளாண்டைக் கூடாரக் கம்பு போல நிறுத்தி, அடியில் தேங்கும் ரத்தக் கட்டியே எலும்பாக மாறட்டும் என்று விடும் முறையும் இருக்கிறது. சுவீடனில் லுண்ட்கிரேன் குழு 2004இல் எழுதியது. வேலை செய்கிறது, உயரம் சற்றுக் குறைவாகக் கிடைக்கும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், எந்தத் தூள், எதிலிருந்து என்று அதில் எழுதச் சொல்லுங்கள்.

இம்பிளாண்டை அன்றைக்கே வைத்துவிடலாமா? மொத்தம் எவ்வளவு நாள்?

திருகியதும் அசையாமல் நிற்க மிச்ச எலும்பு 4, 5 மில்லிமீட்டராவது இருந்தால் அதே நாளில் வைக்கலாம். இல்லையென்றால் தூள் போட்டு 6 முதல் 9 மாதம் காத்திருந்து, ஸ்கேன் பார்த்து, அப்புறம் இம்பிளாண்ட். அது எலும்போடு சேர இன்னும் 4 முதல் 6 மாதம். அதன் பிறகுதான் மேலே பல். ஒரு வருடம் ஓடிவிடும்.

சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் இரண்டு வார விடுப்பில் வந்து, "எல்லாவற்றையும் முடித்து அனுப்புங்கள்" என்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். மூன்று விடுப்புக்குப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எலும்புக்கு உங்கள் விமான டிக்கெட் தேதி தெரியாது.

செய்த பிறகு என்னென்ன செய்யக் கூடாது?

மற்ற பல் சிகிச்சையிலிருந்து இது வேறுபடும் இடம் இங்கேதான். சவ்வுக்கு அந்தப் பக்கம் காற்று இருக்கிறது. மூக்கில் அழுத்தம் ஏறினால் புதிதாகத் தூக்கிய சவ்வு அசையும்.

இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தாதீர்கள், ஒழுகினால் துடையுங்கள், போதும். தும்மல் வந்தால் அடக்காதீர்கள், மூக்கைப் பொத்தாதீர்கள்; வாயை அகலத் திறந்து தும்மிவிடுங்கள். ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்ச வேண்டாம், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். கிணற்றில் குதிப்பது, நீச்சல், ஜிம்மில் பளு தூக்குவது வேண்டாம். விமானப் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடுவது நல்லது. தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் படுங்கள். முதல் நாள் காறித் துப்பக் கூடாது.

நம் ஊருக்கே உரிய சில விஷயங்களை அச்சிட்ட தாள்களில் பார்க்க முடியாது. பிராணாயாமம் செய்பவர்கள் கபாலபாதி, மூக்கடைத்து மூச்சு நிறுத்துதல், மூக்கில் உப்பு நீர் விடும் நேத்தி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பூஜையில் சங்கு ஊதுபவர்கள் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் வந்தார், தை மாதம் முழுக்க முகூர்த்தம் என்றார். சரி, மார்கழியில் செய்யலாமா என்று கேட்டேன். நாலைந்து வாரம் ஊதவே கூடாது என்றதும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆடியில் வருகிறேன் ஐயா" என்று போய், சொன்னபடியே ஆடியில் வந்தார். ஆடியில் கல்யாணம் இல்லை, வாத்தியம் உறையிலேயே இருக்கும்.

முதல் ஓரிரு நாள் மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிவது சகஜம். மூக்கில் ரவை போன்ற துகள் ஒன்றிரண்டு வந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நிறைய வந்தால் அன்றே போக வேண்டும்.

எனக்கு அடிக்கடி சைனஸ் தொல்லை. செய்யலாமா?

தூசு பட்டால் தும்மல், காலையில் மூக்கடைப்பு என்ற அளவில் இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்துவிட்டுச் செய்யலாம். சீழோடு கூடிய சைனஸ் தொற்று இருக்கும்போது செய்யக் கூடாது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

லிஃப்ட் செய்தால் சைனஸ் அடைத்துக்கொள்ளுமோ என்றும் பயப்படுகிறார்கள். அந்த அறையின் வடிகால் துளை தரையில் இல்லை, இரண்டரை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. சவ்விலுள்ள நுண்முடிகள் சளியைக் கீழிருந்து மேலே தள்ளித்தான் வெளியேற்றுகின்றன. தரையைச் சில மில்லிமீட்டர் உயர்த்துவதால் துளை மூடாது.

ஒரு பக்கம் மட்டும் சளி, அதில் கெட்ட நாற்றம் என்றால் அது பல்லிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் அலர்ஜி மாத்திரை தின்றவருக்கு, பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். லிஃப்டுக்கு முன் அந்தப் பல்லைக் கவனித்தாக வேண்டும்.

அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை இருக்கிறது, இதயத்துக்கு மாத்திரை போடுகிறார். முடியுமா?

வயது தடையில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது எச்.பி.ஏ.1.சி., 7ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8ஐத் தாண்டினால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வேன். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பல் மருத்துவரும் தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது. இதய மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரையை நிறுத்துவது பல்லை விடப் பெரிய ஆபத்து.

அம்மாமார் சொல்ல மறப்பது வேறொன்று: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, அல்லது வருடம் ஒன்றிரண்டு ஊசி. ஜோலெட்ரோனிக் அமிலம், அலென்ட்ரோனேட், டெனோசுமேப் போன்றவை தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கும். "அது மூட்டுக்குப் போட்டது" என்று விட்டுவிடுவார்கள். மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டு வாருங்கள்.

சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தோல்வி வாய்ப்பு கூடுதல். நிறுத்த முடியாது என்றால் நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பாக்கு, மாவா போடுகிறவர்களில் சிலருக்கு வாயே இரண்டு விரல் அகலத்துக்குத்தான் திறக்கும். கருவி உள்ளே போக இடம் வேண்டுமே.

லிஃப்ட் இல்லாமல் வேறு வழி?

உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 6 மில்லிமீட்டர் குட்டை இம்பிளாண்ட்கள் இப்போது நன்றாகவே நிற்கின்றன. 6, 7 மில்லிமீட்டர் எலும்பு இருப்பவரிடம் நான் முதலில் அதைத்தான் பேசுவேன். மேல் பற்கள் மொத்தமும் போனவருக்கு, பின்பக்க இம்பிளாண்டைச் சாய்த்து வைத்து சைனஸை ஒதுக்கிவிடலாம். எலும்பு அறவே இல்லாதவருக்குக் கன்னத்து எலும்பில் பிடிக்கும் நீண்ட இம்பிளாண்ட் இருக்கிறது, அது தேர்ந்த கைகளுக்கான வேலை.

பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே கேப் போட்டவையாக இருந்தால், அவற்றைத் தாங்கலாக வைத்து நடுவில் பல் கட்டும் பிரிட்ஜ் போதும். கழற்றி மாட்டும் பல்செட்டும் இருக்கிறது. கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் போயிருந்து, மென்று சாப்பிடுவதில் குறையில்லை என்றால், ஒன்றுமே செய்யாமல் விடலாம். கீழே உள்ள எதிர்ப்பல் நீண்டு மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி.

செலவு?

ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தொகையை விடப் பட்டியலைக் கேளுங்கள்: ஸ்கேன், லிஃப்ட், தூள், தகடு, இம்பிளாண்ட், மேலே வரும் கேப், தனித்தனியாக. "பேக்கேஜ்" என்று ஒரே தொகை சொல்லிவிட்டுப் பாதியில் தூளுக்குத் தனி பில் வருவது உண்டு. சவ்வு கிழிந்து தள்ளிப்போனால் இரண்டாம் தடவைக்குக் காசு உண்டா என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பல்லுக்கு வராது, விபத்தில் போனால் தவிர. பல் மருத்துவக் கல்லூரிகளின் முதுகலைத் துறைகளில் செலவு குறையும், நேரம் கூடும்.

இம்பிளாண்ட் டப்பாவிலும் தூள் குப்பியிலும் ஒட்டும் சீட்டு இருக்கும், தொகுதி எண்ணோடு. அதைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபைலில் ஒட்டிவையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் திருகு தளர்ந்தால், என்ன கம்பெனி என்று தெரியாமல் மருத்துவர் திண்டாடுவதைத் தவிர்க்கலாம்.

எப்போது உடனே போன் செய்ய வேண்டும்?

அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் கூடுகிறது, காய்ச்சல், மூக்கிலோ வாயிலோ நாற்றமடிக்கும் சீழ், தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது, பார்வையில் மாற்றம். இவற்றில் எது இருந்தாலும் திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து பல் வைத்தாயிற்று. முறுக்கு கடிக்கலாமா?

இம்பிளாண்டைச் சுற்றி, இயற்கைப் பல்லுக்கு இருப்பது போன்ற மெத்தைத் திசு கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதனால் முதலில் மெதுவாகப் பழக வேண்டும். இடுக்கில் கீரையும் தேங்காய்த் துருவலும் சிக்கும், அதற்கான சிறு பிரஷைத் தினமும் விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள். இரவில் பல் கடிப்பவர்கள் அதற்கான காப்புத் தட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் தேன்குழலோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. மணப்பாறை முறுக்கு அப்புறம்.